வீட்டுக்காரரின் மூன்று கோட்டுகள்

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் பல்செட் கழன்று விழட்டும். சிகாகோவில், எர்னஸ்டீன் வாடகைக்கு இருக்கும் வீட்டின் நடுவே நகராட்சி ஆய்வாளர் வெப்பமானியைப் பிடித்தபடி நிற்கிறார். வீடு அளவுக்கு மீறிக் குளிர்கிறது என்று அவர் கையெழுத்திட்டால் வீட்டுக்காரர் இன்றே கட்டடத்துக்குச் சூடு கொடுத்தாக வேண்டும். எர்னஸ்டீன் ஊற்றும் சூப், கரண்டிக்கும் கிண்ணத்துக்கும் நடுவே உறைந்து, ஜன்னல் வெளிச்சத்தில் மஞ்சள் கண்ணாடிக் கம்பியாய் மின்னுகிறது. “இதமாத்தானே இருக்கு?” என்கிறார் மூன்று கோட்டுகளுக்குள்ளிருந்து வீட்டுக்காரர் கோவால்ஸ்கி. “அப்படின்னா ஒரு கோட்டைக் கழட்டுங்க மிஸ்டர் கோவால்ஸ்கி, பார்க்கலாம்!” என்கிறாள் எர்னஸ்டீன். அவர் மேல்பொத்தானை இன்னும் இறுக்கிக்கொள்கிறார். ஆய்வாளர் சிரித்துக்கொண்டே கையெழுத்திடுகிறார். கோவால்ஸ்கி அடித்தளத்துக்கு ஓடிக் கொதிகலனை மூட்ட, சுவரோர வெந்நீர்க் குழாய்கள் டக்டக்கென்று தாளம் போட்டுச் சுடத் தொடங்குகின்றன. படிக்கட்டெங்கும் குடித்தனக்காரர்கள் சட்டி தட்டி ஆடுகிறார்கள். எர்னஸ்டீன் குழாயைக் கட்டிப்பிடித்து முத்தமிடுகிறாள். வெளியேயோ அன்று ஜூலை பதினான்கு, கொளுத்தும் கோடை.