வளையல் கடை ஓரம்

சித்திரை வெயில் தாழ்ந்ததும் அரியலூரில் திருவிழாக் கடைத்தெரு களைகட்டியது. வளையல் கடை ஓரம் ஒதுங்கி நின்றிருந்த தமிழரசனைக் கண்டதும் பூங்குழலி சுற்றுமுற்றும் பார்த்தபடி அருகே போனாள்.

“எதுக்கு வந்தீங்க? யாராச்சும் பாத்தா மானம் போயிடும்.”

“உன்னைப் பாத்து ஏழு நாளாச்சு. கையக் காட்டு. இந்த வளையலப் போட்டு விட்டுட்டு ஓடிடறேன்.”

ஆசையாகக் கையை நீட்டியவள், அவன் தொடுவதற்குள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். எதிரே அவள் மாமியார் கலியம்மாள்!

“ஏன்டா, காப்புக் கட்டினவன் தீ மிதிக்கிற வரைக்கும் கோயில்லதான் கெடக்கணும், பொண்டாட்டியத் தொடக் கூடாதுன்னு சொன்னேனா இல்லியா?”

தலைகுனிந்த மகனிடமிருந்து வளையல்களைப் பிடுங்கிய கலியம்மாள், மருமகள் கையைப் பிடித்து ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டாள்.

“எட்ட நின்னு ஆசை தீரப் பாத்துக்க. நாளைக்குத் தீ மிதிச்சதும் நேரா வூட்டுக்கு வா.”