கெங்கம்மாவின் கன்னம்

"அந்தப் படம் வேணாம்னா வேணாம்."

மூன்றாவது தடவையாக ரங்கன் இதையே சொன்னார். காவேரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நாளைக்கு அம்மா கெங்கம்மாவுக்குப் பதினாறாம் நாள் காரியம். மாலை போட ஒரு படம் வேண்டும். அதற்காகத்தான் குப்பத்திலிருந்து அப்பாவும் பெண்ணும் அடையாறு ஸ்டூடியோவுக்கு வந்திருந்தார்கள். வந்து அரை மணி நேரமாகச் சண்டைதான்.

படத்துக்குப் பஞ்சமில்லை. காவேரியின் போனில் மட்டும் கெங்கம்மா நானூறு படத்தில் இருந்தாள். அதில் ஒன்றை ஸ்டூடியோக்காரர் ராம்குமார் பெரிய திரையில் போட்டிருந்தார். திருவிழாப் புடவை. பளபளவென்று முகம். ஒரு புள்ளி கிடையாது.

"அம்சமா கீது. இதுக்கு இன்னா கொறச்சல் நைனா?"

"அது அவ மூஞ்சி இல்ல. உன் போன் செஞ்ச மூஞ்சி." ரங்கன் சட்டைப் பையிலிருந்து ஒரு மெமரி கார்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். "இதுல கீது பாருங்க சார்."

அப்பாவின் டப்பா கேமராவில் இருந்த கார்டு. பர்மா பஜாரில் பழசாக வாங்கிய கேமரா. பொங்கல் வந்தால் போதும், எல்லாரையும் சுவரோரம் நிற்கவைத்துக் கண்ணில் வெளிச்சத்தை அடிப்பார். 'போன்லயே எடுக்கலாம் நைனா' என்று எத்தனை வருஷம் சொன்னாலும் காதில் ஏறாது. அதில் எவர் முகமும் உருப்படியாக விழுந்ததில்லை.

திரையில் இன்னொரு கெங்கம்மா வந்தாள். கறுத்து, வியர்த்து, களைத்த கண்ணோடு. இடது கன்னத்தில், கண்ணோரத்திலிருந்து உதடு வரைக்கும் தழும்பு. தையல் போட்ட புள்ளிகூடத் தெரிந்தது.

ராம்குமாருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. "இதையே போடலாம் சார். தழும்பை மட்டும் எடுத்துடறேன். ரெண்டு நிமிஷ வேலை."

"அதுல கை வைக்காதீங்க."

பாஸ்போர்ட் போட்டோவுக்குக் காத்திருந்த ஒரு அம்மா பொறுக்க மாட்டாமல் வாயைத் திறந்தாள். "பொண்ணு கேக்கறது நியாயந்தானே? போன மகராசி நல்லா இருக்கிற படமா மாட்டுனா உங்களுக்கு என்ன?"

ஆள் சேர்ந்ததும் காவேரிக்கு வேகம் வந்துவிட்டது.

"மொத மொத போன்ல எடுத்துக் காட்டுனப்போ அம்மா இன்னா கேட்டுச்சு தெரியுமா? 'இது நானாடி'ன்னு கேட்டுச்சு. போன் தானாவே தழும்ப அழிச்சிடுதுன்னு எனக்கே அப்பதான் தெரியும். அன்னிக்குப் பூரா அதையே பாத்துக்கினு இருந்துச்சு. மீன் விக்கறப்பகூட முந்தானைய இழுத்துக் கன்னத்த மூடிக்கும். பதிமூணு வருஷம் மூடிக்கினே கெடந்துச்சு. செத்த பொறவாவது நல்ல மூஞ்சியோட இருக்கக்கூடாதா?"

"கூடாது."

"ஏன்? அருவாமனை மேல வழுக்கி வுழுந்தது அம்மா தப்பா?"

வழுக்கி விழுந்த கதை குப்பத்துக்கே தெரியும். மீன் கழுவிய தண்ணீர், ஈரத் தரை, எதிரே அரிவாள்மனை. யார் கேட்டாலும் கெங்கம்மா சிரித்துக்கொண்டேதான் சொல்லுவாள். 'இத்தினி மீன அறுத்தேன்ல, ஒருநாளு என்னையும் ருசி பாத்துச்சு.' அப்போது காவேரிக்கு நாலு வயசு.

"உனுக்கு அம்மா அழகா இருந்தாப் புடிக்காது. உசுரோட இருந்தப்பவும் புடிக்கல, இப்பவும் புடிக்கல. அவ்ளோதான்," என்றாள் காவேரி.

ரங்கன் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அவ வழுக்கல பாப்பா. நான் தள்ளுனேன்."

ராம்குமாரின் கை மவுஸ்மேல் அப்படியே நின்றது. பாஸ்போர்ட் அம்மா தெருப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"குடிச்சிருந்தேன். அதோட வுட்டேனா? வுடல. அப்புறமும் எத்தினியோ வாட்டி கைய ஓங்கிக்கினு போனேன். அந்தக் கோடு கண்ணுல படும். கை கீழ எறங்கிடும். உன் மேல இதுவரைக்கும் ஒரு அடி வுழலன்னா அதாலதான். நான் நல்லவன்னு இல்ல."

காவேரி திரையில் இருந்த தழும்பைப் பார்த்தாள்.

"இனிமே ஊட்ல நீயும் நானுந்தான். அந்தக் கோடு இல்லாத மூஞ்சிய மாட்டாத. எனக்கு என் மேல நம்பிக்கை இல்ல."

பெற்ற மகளிடம்கூட அம்மா சிரித்துச் சிரித்து அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறாள். காவேரி அப்பாவைவிட்டு ஒரு அடி தள்ளி நின்றாள். வேண்டுமென்று செய்யவில்லை, கால் தானாக நகர்ந்தது.

ராம்குமார் தொண்டையைச் செருமினார். "எந்தப் படம்மா? சைஸ் என்ன போடட்டும்?"

"கேமராவுல எடுத்தது," என்றாள் காவேரி. "இருக்கறதுலயே பெரிய சைஸ். நைனா படுக்கற எடத்துலேர்ந்து தெரியணும்."