மருந்துக்கு மேலே

டாக்டர் சம்பங்கியின் கன்னத்தைப் பஞ்சால் துடைத்து, அதை முகர்ந்து பார்த்தார்.

"மருந்துக்கு மேல ஸ்நோ க்ரீம் தடவுறியாம்மா?"

"இல்லீங்க! நீங்க குடுத்த கந்தக மருந்து மட்டுந்தான். அம்மாதான் தெனமும் தடவி உடுது."

"ஸ்நோ வாசனை வருதே. அந்தப் பசை போய் அடைச்சுக்கிட்டா பரு எப்படி ஆறும்? இன்னும் ஒரு மாசம் போனா தழும்பாயிடும்."

ஓசூர் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வரும்வரை சம்பங்கி அழுதுகொண்டே நடந்தாள். அவள் முகத்தைப் பார்த்து இரண்டு மாப்பிள்ளை வீட்டார் காப்பியைக்கூடத் தொடாமல் எழுந்து போயிருந்தார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை சிங்காரப்பேட்டையிலிருந்து இன்னொரு வீட்டார் பெண் பார்க்க வருகிறார்கள்.

வீட்டில் ஸ்நோ பூசுகிறவள் அண்ணன் சின்னராஜின் மனைவி முனிலட்சுமி ஒருத்திதான்.

"என் மருந்துல ஸ்நோவைக் கலந்துட்டியே அண்ணி! நான் உனக்கு இன்னா கெடுதல் பண்ணேன்?"

முனிலட்சுமி திகைத்துப் போனாள். "சாமி சத்தியமா நான் இல்ல சம்பங்கி. என் ஸ்நோ டப்பாவே ஒரு மாசமா காணோம். நானே தேடிக்கினு இருக்கேன்."

யாரும் நம்பவில்லை. அம்மா வெங்கடம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "எம் பொண்ணு மூஞ்சியக் கெடுத்தவகூட ஒரே வீட்டுல இருக்க மாட்டேன்டா!"

அன்று மாலையே சின்னராஜ் மனைவியை அவள் தாய்வீட்டுக்குப் பேரிகை பஸ்ஸில் ஏற்றிவிட்டான். கண்ணைத் துடைத்தபடி போனவளைச் சம்பங்கி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நான்கு நாள் கழிந்தது. பரு குறையவில்லை, புதிதாக இரண்டு சீழ் கோத்திருந்தன. மருந்து பாட்டிலைச் சம்பங்கியே தன் டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தாள்.

அன்று இரவும் படுத்தபின் அம்மா மருந்தைத் தடவிவிட்டாள்; வழக்கம்போல உடனே தூங்கிவிடாமல் சம்பங்கி கண்ணை மூடிக் கிடந்தாள். ஈரம் காய்ந்ததும் இன்னொரு முறை விரல் கன்னத்தில் பட்டது. வழவழவென்றிருந்தது. மல்லிகை வாசனை.

சம்பங்கி அம்மாவின் கையை எட்டிப் பிடித்தாள். விரல் நுனியில் வெள்ளையாக ஸ்நோ. மடியிலிருந்து டப்பா உருண்டு விழுந்தது.

"நீயாம்மா?"

வெங்கடம்மா கையை உருவிக்கொள்ளவில்லை. மகளின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"நீ கட்டிக்கினு போயிட்டா, மருமவ கையால நான் எத்தினி நாளுக்குடி கஞ்சி குடிக்கறது?"