அடுத்த கவுண்டருக்குப் போங்க

மூன்றாம் கவுண்டர் சார் இன்று புதுப் பேனா வாங்கி வந்திருந்தார்.

பக்கத்துக் கவுண்டர்காரி நான். காலையிலிருந்து அந்தப் பேனாவின் மூடியை அவர் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்ததில் எனக்கு வேலையே ஓடவில்லை.

அவள் வரிசையில் நின்றிருந்தாள். சாரும் அவளும் ஒரே ஸ்கூட்டரில்தான் வந்து இறங்கினார்கள். ஆனாலும் எல்லோரையும் போல டோக்கன் எடுத்துக்கொண்டு நிற்கச் சொல்லிவிட்டார். மனுஷர் அப்படி.

எங்கள் பிரிவில் கொடுப்பது ஒரே ஒரு சான்றிதழ். வெளிநாட்டுக்கு வேலை மாற்றலாகிப் போகிறவர், சமூகப் பாதுகாப்பு நிதிக்கு இங்கேயே பணம் கட்டுகிறார் என்று சொல்லும் காகிதம். அது கையில் இல்லாவிட்டால் அங்கேயும் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள்.

அவளுடைய கம்பெனி இன்னும் கறார். இன்று மாலைக்குள் சான்றிதழ் வரவில்லையென்றால் அவள் இடத்தில் வேறு ஆளை அனுப்பிவிடுவார்களாம். அவள் குளிர்பதனக் கிடங்கு கட்டுகிற இன்ஜினியர். அந்த வாய்ப்புக்காக நாயாய் உழைத்தவள்.

கையெழுத்துப் போடும் அதிகாரம் அவருக்கும் எனக்கும் மட்டும்தான். சொந்தக்காரர்களுக்குப் போடக் கூடாது என்று ஒரு விதி. வேறு யாராக இருந்தாலும் அதை மறந்தே போயிருப்பார்கள். சார் மறக்க மாட்டார். தங்கையின் கணவர் வந்தபோது உட்காரக்கூடச் சொல்லாமல், "அடுத்த கவுண்டருக்குப் போங்க மாப்பிள்ளை" என்று என் பக்கம் தள்ளிவிட்டார். அந்த மாப்பிள்ளை வெகுநாள் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அப்படிப்பட்டவர், இவளுக்கு மட்டும் நானேதான் போடுவேன் என்று ஒரு வாரமாக ஒற்றைக் காலில் நிற்கிறார்.

விதி என்ன ஆச்சு சார் என்று சீண்டிப் பார்த்தேன். ஒரு பழைய சுற்றறிக்கையை எடுத்து மேஜைமேல் தட்டி, அதெல்லாம் பார்த்தாகிவிட்டது, போடலாம் என்றார். வாயெல்லாம் பல்.

அவள் முறை வந்தது.

சார் அவளுடைய காகிதங்களை வரிவரியாகச் சரிபார்த்தார். ஒரு பிழையும் அகப்படவில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான் என்று நினைக்கிறேன். சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டு பேனாவைத் திறந்தார்.

சட்டென்று அவள் சான்றிதழின் மேல் கையை வைத்தாள். மெதுவாக அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

சாரின் முகம் சுருங்கிப்போனது. பாவமாக இருந்தது எனக்கு. போகிற நேரத்தில் இவரை இப்படி நோகடிக்க வேண்டுமா என்று அவள்மேல் கோபம்கூட வந்தது.

அவள் நேராக என் கவுண்டருக்கு வந்து காகிதத்தை நீட்டினாள்.

"நீங்க போடுங்க மேடம். அப்பா போடக் கூடாதுல்ல?"

மூடியில்லாத பேனா சாரின் கையில் அப்படியே நின்றது.

அவள் சாருடைய மனைவிக்கு முதல் கல்யாணத்தில் பிறந்தவள். பள்ளிக்கூடப் பையோடு அவர் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவரை 'சார்' என்றுதான் கூப்பிடுவாள். இன்று காலை ஸ்கூட்டரிலிருந்து இறங்கும்போதும், "சார், இந்த ஹெல்மெட்டைப் பிடிங்க" என்றதை என் காதால் கேட்டேன்.

அந்தச் சுற்றறிக்கையை நானும் படித்திருக்கிறேன். சொந்தக்காரர் பட்டியலில் பெற்ற பிள்ளை உண்டு, தத்துப்பிள்ளை உண்டு. மனைவியின் மகள் இல்லை. விதிப்படி அவள் அவருக்கு யாரோ. அவர் தாராளமாகக் கையெழுத்துப் போடலாம்.

ஆனாலும் நானே போட்டுக் கொடுத்தேன். முத்திரையை வழக்கத்தைவிட ஓங்கிக் குத்திவிட்டேன் போலிருக்கிறது, மேஜையே ஆடியது. எனக்கே சந்தோஷம் தாங்கவில்லை.

சார் சுற்றறிக்கையை மடித்து இழுப்பறையின் அடியில் தள்ளினார். அடுத்த டோக்கன்காரர் வந்து நின்றார். அவர் ஒன்றும் கேட்கவில்லை. சாரே எழுந்து நின்று, வரிசைக்கே கேட்கும்படி சொன்னார்.

"சொந்தக்காரங்களுக்கு நான் போடக் கூடாதுங்க!"