ருக்மணி கையால்

"இதில உட்கார்ந்து போனவங்க இப்ப எங்கே?"

அஞ்சலை கேட்டதும், தம்பிராஜா வேனின் பின்கதவைப் பிடித்தபடியே நின்றார்.

அஞ்சலையின் கணவன் கலியாணசுந்தரம் அதைக் கவனிக்கவில்லை. கதவிலிருந்து தரைக்குச் சரிந்து இறங்கிய பலகையைக் காலால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தான். பழைய ரொட்டி வேன். தம்பிராஜா தன் மனைவிக்காக அதை மாற்றியிருந்தார். சக்கர நாற்காலியை அப்படியே பலகை வழியாகத் தள்ளி ஏற்றலாம். உள்ளே சக்கரம் நகராமல் நிற்கத் தரையில் பள்ளம், நாற்காலியைக் கட்டத் தோல்வார். மலாக்கா முழுக்கத் தேடினாலும் இப்படி இன்னொன்று கிடைக்காது. விலைகூடப் பேசி முடிந்துவிட்டது.

"உங்க சம்சாரம்னு சொன்னீங்க," அஞ்சலை விடவில்லை. "அவங்க இருக்காங்களா?"

"இருக்கா. உள்ள படுத்திருக்கா."

"இருக்காங்கன்னா வண்டிய ஏன் விக்கிறீங்க?"

"இனிமே அவளால உட்கார முடியாதும்மா."

கலியாணசுந்தரம் மனைவியை வேலிப் பக்கம் அழைத்துப்போனான். மெர்டேக்கா சுதந்திர தினத்துக்குக் கட்டிய காகிதத் தோரணம் அங்கே வெயிலில் வெளுத்துத் தொங்கியது.

"என்ன விசாரணை இது? போலீஸ்காரன்கூட இப்படிக் கேக்க மாட்டான். பாவம், அவருக்கு வேர்த்துப்போச்சு."

"ஏன் வேர்க்குது? அதான் எனக்குப் பயமா இருக்கு. செத்தவங்க வண்டியில என் பிள்ளைய ஏத்த மாட்டேன்."

"ஜனவரியில கோகிலாவைச் சேர்த்துக்கிறேன்னு ஹெட்மாஸ்டர் சொல்லிட்டாரு. புக்கிட் ரம்பாயிலேருந்து தினமும் எப்படிக் கொண்டுபோறது? பஸ்ஸில நாற்காலிய ஏத்துவானா?"

"பள்ளிக்கூடம் போகலன்னாலும் உசுரோட இருப்பா இல்ல? அந்தக் காய்ச்சல்ல கால் போச்சு. மிச்சம் இருக்கிறதையும் எமன்கிட்ட நானே கொண்டுபோய்க் குடுக்கணுமா?"

அவன் வேனையே பார்த்துக்கொண்டு நின்றான். அவள் அவனைப் பார்க்காமல் நின்றாள். வீட்டில் பிள்ளை ஜன்னலோரத்தில் உட்கார்ந்து இருவரும் திரும்பி வரும் வழியைப் பார்த்துக்கொண்டிருக்கும் என்பது இருவருக்கும் தெரியும்.

தம்பிராஜா மெல்ல அருகில் வந்தார். "பாசார்ல காய்கறி விக்கிற சீனத் தவுக்கே சாயங்காலம் வரேன்னிருக்காரு. அவருக்குப் பலகையும் வேணாம், வாரும் வேணாம். கழட்டிப் போட்டுட்டு முட்டைக்கோஸ் ஏத்துவாரு. உங்க பிள்ளைக்குன்னா எனக்கு நிம்மதி."

"அப்ப அக்காவை ஒரு தடவை காட்டுங்கண்ணே," என்றாள் அஞ்சலை. "அவங்க கையால சாவிய வாங்கிக்கிறேன். அது போதும்."

தம்பிராஜா தரையைப் பார்த்தார். பிறகு, "முழிச்சிருக்காளான்னு பாத்துட்டு வரேன்," என்று உள்ளே போனார்.

போனவர் வெகுநேரம் வரவில்லை. வீட்டுக்குள் பேச்சுச் சத்தமே இல்லை. எங்கோ ஒரு கதவு கிறீச்சிட்டு அடங்கியது. கலியாணசுந்தரம் பீடியைப் பற்றவைக்காமல் விரல்களுக்கிடையில் உருட்டிக்கொண்டிருந்தான். அந்த அம்மா உயிரோடு இல்லையென்று அஞ்சலைக்கு நிச்சயமாகிவிட்டது. கிளம்பலாம் என்று சொல்ல அவள் வாயெடுத்தபோது வாசலில் தம்பிராஜா தெரிந்தார்.

"வாங்க. அதிகம் பேச வைக்காதீங்க."

அறையில் ஜன்னல் சாத்தியிருந்தது. கட்டிலில் ஒரு பெண் கழுத்துவரை போர்வை போர்த்திப் படுத்திருந்தாள். கண்கள் தம்பிராஜாவையே பார்த்தன.

"ருக்மணி, இவங்கதான்..." அந்தப் பெயரிலேயே அவர் குரல் தடுக்கியது.

அஞ்சலைக்கு வெட்கமாகப் போயிற்று. கட்டிலருகே போய்க் குனிந்தாள். "கோவிச்சுக்காதீங்கக்கா. பெத்த மனசு."

"பிள்ள பேரு என்ன?"

"கோகிலா. இடுப்புக்குக் கீழ அசைவில்ல. வாய் மட்டும் தெருக்கோடி வரைக்கும் கேக்கும்."

கட்டிலில் இருந்தவள் சிரித்தாள். "கேக்கட்டும். நல்லாப் படிக்க வைங்க."

அப்போதுதான் அஞ்சலை அவள் முகத்தைச் சரியாகப் பார்த்தாள். "ஐயோ, நெத்தி வெறுமையாக் கிடக்கே. சுமங்கலி இப்படி இருக்கலாமா?" காலையில் ஜாலான் துக்காங் எமாஸ் பிள்ளையார் கோயிலில் வாங்கிய குங்குமப் பொட்டலத்தை மடியிலிருந்து எடுத்துப் பிரித்தாள்.

"வேணாம்மா, அவளுக்கு..." தம்பிராஜா ஓரடி முன்னால் வந்து நின்றுவிட்டார்.

கட்டிலில் இருந்தவள் கண்களை மூடிக்கொண்டாள். பிறகு அவளே தலையைச் சற்று உயர்த்தி நெற்றியைக் காட்டினாள்.

அஞ்சலை குங்குமம் வைத்தாள். போர்வைக்குள்ளிருந்து ஒரு கை வந்து சாவியை நீட்டியது. அஞ்சலை இரண்டு கைகளாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அந்தக் கை சூடாக இருந்தது. அவளுக்கு அது போதும்.

வேன் தெங்கேரா பக்கம் திரும்பி மறையும்வரை தம்பிராஜா வாசலில் நின்றார். அறைக்குத் திரும்பியபோது, கட்டிலில் இருந்தவள் எழுந்து நின்று போர்வையை உதறி மடித்துக்கொண்டிருந்தாள்.

"உன்னைப் போய் இப்படி..." என்று அவர் தொடங்கினார்.

"விடுங்கண்ணே. ருக்மணி அக்கா உசுரோட இருந்திருந்தா அவங்களே சாவியக் குடுத்திருப்பாங்க," என்ற பக்கத்து வீட்டு நூர்ஜஹான், நெற்றியைத் துடைத்து முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு, தொழுகைக்கு நேரமாகிவிட்டதென்று பின்கதவு வழியாக வேகமாக நடந்தாள்.