மயில் கேட்ட சட்டம்

புயலில் கூடிழந்த பறவைகள் புது மரம் ஒன்றில் நாடு அமைக்கக் கூடின.

"இங்கே யாரும் பசியோடு தூங்கக் கூடாது" என்றது காகம்.

"எங்க மனசுலயும் அதுதான்!" என்று மரத்திலிருந்த பறவைகளெல்லாம் ஆரவாரித்தன.

மயிலுக்கு வயிறு எரிந்தது. அவ்வளவு பெரிய தோகையை விரித்தும் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"இனிமையான குரல் இருக்கிறவங்க மட்டும்தான் பேசலாம்னு முதல் சட்டம் போடுங்க!" என்று அகவியது.

அந்தக் குரலைக் கேட்டதும் கிளிகள் சிறகால் காதைப் பொத்திக்கொண்டன. "அப்படின்னா முதல்ல நீ வாயை மூடு!"

"அண்ணன் பேசட்டும், விடுங்கப்பா" என்றது காகம். "எந்தக் குரலும் இங்கே பேசலாம்னு சட்டம் போடுவோம்."

மரம் மறுபடியும் ஆரவாரித்தது.

மயில் தோகையை மடக்கிக்கொண்டது. "நான் பேசுறதுக்கும் இந்தக் கறுப்பனா அனுமதி வாங்கித் தரணும்?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி பொருமியது.

அதையும் யாரும் தடுக்கவில்லை.