கவிதை முடியும்வரை

பரிசோதனைக் கவிஞர் செங்கோடனைப் பல்கலைக்கழகம் தத்தெடுத்த நாளிலிருந்து, அவர் வீட்டுக் கூடத்தில் அது பொருத்திய ஒரு கருவி அவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டே இருந்தது. அவர் பேச்சு கவிதையாக மாறினால் அது வாசல் கதவைப் பூட்டும், போனைத் துண்டிக்கும். கவிதை முடிந்ததும் திறந்துவிடும். படைக்கும்போது யாரும் குறுக்கே வரக்கூடாதாம்.

அன்று காலை இட்லியைப் பிட்டவர், "மஞ்சள் படி... இது யாரோட கை... தண்ணி நடக்குது" என்றார். வாய் ஒரு பக்கமாகக் கோணியது. கதவு பூட்டிக்கொண்டது.

"ஐயோ, இது கவிதை இல்ல! மனுஷனுக்கு வாதம் அடிச்சிருக்கு, கதவைத் திற!" என்று மனைவி நாச்சியார் கருவியைக் கையால் அடித்தாள். அவர் உளற உளற, அது பதிவு செய்துகொண்டே இருந்தது.

கடைசியில் பெரும்பாடுபட்டு, "நாச்சி" என்றார். அது வெறும் பேச்சு என்று கருவிக்குப் புரிந்தது. கதவு திறந்தது. அதற்குள் அவர் தலை தட்டில் சாய்ந்திருந்தது.

பதினாறாம் நாள் காரியத்துக்குத் தமிழ்த் துறைத்தலைவர் வந்திருந்தார். சாப்பிட்டுக் கைகழுவியதும் நாச்சியாரிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"அவர் எழுதினதுலயே உச்சம் அன்னிக்குக் கருவியில பதிவானதுதாம்மா. எம்.ஏ.வுக்குப் பாடமா வைக்கிறோம். கடைசி வார்த்தைய மட்டும் எடுத்துட்டோம். அங்க கொஞ்சம் சறுக்கிட்டாரு."